மூன்று எண்ணெய்த் தீர்மானம்

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினர்கள் இருபத்தாறு பேர், செயற்குழுவில் மூன்று பேர், செமி ஆட்டோ ரைபிள் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை நம்பித்தான் நான் மாநில அணிக்குப் போகக் காத்திருந்தேன். பெண்கள் பிரிவில் இடம் ஒன்று, தேர்வுப் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. போன முறை ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டேன். அந்த ஒரு புள்ளியை இரண்டு வருடமாக நான் மறக்கவில்லை.

என் வேலை என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், இயந்திரக் கைகளின் எந்த மூட்டுக்கு எந்த எண்ணெய், எத்தனை சொட்டு என்று முடிவு செய்கிறவள் நான். பன்னிரண்டு வருடமாக அதுதான் என் பிழைப்பு. இது சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவர்கூட ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஜூலை மாதப் பயிற்சியில் ஒரு தோட்டா சிக்கிக்கொண்டது. பல மாத அழுக்கு, துடைத்தால் போயிருக்கும். ஆனால் செயற்குழு கூடிவிட்டது. ஜார்ஜ்டவுனில் செயலாளர் அப்துல் அஜீஸ் அண்ணனுக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை இருக்கிறது. அதன் மாடியில்தான் எங்கள் கூட்டங்கள் நடக்கும்.

"பழைய எண்ணெ சரியில்ல. ஜெர்மன் எண்ணெ எடுத்துப் போடணும். உலகத்துல பெரிய பெரிய ராணுவமெல்லாம் அதான் போடுறான்" என்றார் தலைவர் ராமதாஸ். அவர் ராணுவத்தில் இருந்தவர் இல்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் மட்டும் நான்கு பை வைத்துத் தைத்துக்கொள்வார்.

"ஜெர்மன் எதுக்கு லா? என் கெரேத்தா இருபது வருசமா ஓடுது. நல்ல எஞ்சின் ஆயில் ஊத்துறேன், ஒரு சத்தம் கிடையாது" என்றார் அஜீஸ் அண்ணன். கெரேத்தா என்று அவர் சொன்னது தன் பழைய காரை.

மூன்றாமவர் வேலு அண்ணன், துணைத் தலைவர். அவருடைய அப்பா தோட்டத்தில் காட்டுப்பன்றி சுட்டவராம். "எங்கப்பா தேங்கா எண்ணெதான் தடவுவாரு. ஒரு பன்னி தப்பிச்சதில்ல" என்றார். அந்தப் பன்றிகள் இப்போது உயிரோடு இல்லாததால் மறுத்துப் பேச ஆளில்லை.

நான் எழுந்தேன். "அண்ணே, மொதல்ல உள்ள துடைக்கணும். அப்பறம் தோட்டாவ உள்ள தள்ளுற போல்ட் சறுக்குற எடத்துல துப்பாக்கிக்குன்னு விக்கிற மெல்லிசு எண்ணெ ரெண்டு சொட்டு போதும். தேங்கா எண்ணெ நாளாச்சுன்னா பிசின் மாதிரி ஆயிடும்."

"உக்காரும்மா சுபா, இது டெக்னிக்கல் விசயம்" என்றார் தலைவர். உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்ததற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

எண்ணெய் முடிவாகும் வரை துப்பாக்கியைப் பிரித்து யாரும் கை வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். துப்பாக்கி அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவரிடம், ஒன்று செயலாளரிடம். பயிற்சி முடிந்ததும் சூடு ஆறுவதற்கு முன்பே என் கையிலிருந்து வாங்கிப் பூட்டிவிடுவார்கள். ஆகஸ்ட் கூட்டத்தில் மூன்று பேரும் ஆளுக்கொரு வீடியோ காட்டினார்கள். செப்டம்பரில் பேச்சுவார்த்தை இல்லை, கோபம். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தினமும் காலை வணக்கத்தோடு ஓர் எண்ணெய்ப் படம் வரும்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை.

வாய் கிழியப் பேசிய மூவரும் அன்றைக்குத்தான் சமாதானமானார்கள். நான் ஷிப்டில் இருந்தேன், எனக்குத் தெரியாது. யார் மனமும் நோகக் கூடாது, மூன்று எண்ணெயிலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுவிடலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். தலைவர் துப்பாக்கிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, திறந்திருந்த போல்ட்டின்மேல் விபூதியும் பட்டையாக இழுத்திருக்கிறார். "பூஜ ஒங்களோடது, எண்ணெ பொது" என்று சொல்லி அஜீஸ் அண்ணன் தன் பங்கைத் தாராளமாகவே ஊற்றியிருக்கிறார்.

ஞாயிறு காலை சுடும் இடத்தில், என் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். அடிக்கட்டையில் குங்குமப் பொட்டு.

"உள்ள என்னா பண்ணீங்க?" என்றேன்.

"எல்லாம் மொறையா பண்ணியாச்சு. சாமி பேரச் சொல்லிச் சுடு" என்றார் தலைவர்.

மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்துத் தோட்டா. முதல் சுற்றில் தொண்ணூற்றாறு. பக்கத்துத் தடத்தில் புக்கிட் மெர்தாஜாம் சங்கத்துப் பெண் அமீரா தொண்ணூற்றைந்து. இந்த முறை இடம் எனக்குத்தான் என்று மனம் துள்ளியது. இரண்டாம் சுற்றில் நான்கு தோட்டா போனது. ஐந்தாவதுக்கு போல்ட் பாதியில் நின்றுவிட்டது.

கையைத் தூக்கினேன். கோளாறைச் சரிசெய்ய மூன்று நிமிடம் தருவார்கள். தோட்டாவை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தேன். மூன்று எண்ணெய், சந்தனம், விபூதி, வெடிமருந்துக் கரி எல்லாம் சேர்ந்து இட்லி மாவுப் பதத்தில் இருந்தது. நிறம் மட்டும் கறுப்பு.

கயிற்றுக்குப் பின்னாலிருந்து மூன்று கைகள் நீண்டன. மூன்றிலும் ஆளுக்கொரு புட்டி.

"சுபா, ஜெர்மன் பத்தல, இன்னும் கொஞ்சம் விடு!"

"அதெல்லாம் வேணாம் லா, என்னோடத ஊத்து!"

"எங்கப்பா இருந்தா..." என்று ஆரம்பித்தார் வேலு அண்ணன்.

அதிகாரி அவர்களை அதட்டிப் பின்னால் தள்ளுவதற்கே ஒரு நிமிடம் போனது. அமீரா தன் பையிலிருந்து ஒரு சுத்தமான துணியை என்னிடம் நீட்டினாள். துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. நேரம் முடிந்தபோது பாதிதான் சுத்தமாகியிருந்தது. அந்தச் சுற்றின் மீதி ஆறு தோட்டாக்களும் சுடாமலே போயின.

இடைவேளையில் மீதியையும் துடைத்தேன். மூன்றாம் சுற்றை ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் சுட்டேன். பத்தும் தடையில்லாமல் போயின. தொண்ணூற்றெட்டு. அன்றைய தினத்தில் யாரும் எடுக்காத புள்ளி அது, ஒன்றுக்கும் உதவாத புள்ளியும் அதுதான். இடம் அமீராவுக்குப் போனது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். துக்கத்தில் கொஞ்சம்தான் அழுதேன், மற்றதெல்லாம் ஆத்திரம்.

செவ்வாய்க்கிழமை செயற்குழு அவசரமாகக் கூடியது. நான் அந்தத் துணியைக் கொண்டுபோய் தே தாரேக் டீக் குவளைகளுக்கு நடுவில் வைத்தேன்.

"இதான் அண்ணே ஒங்க தீர்மானம்" என்றேன்.

வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். தலைவர் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "தேங்கா எண்ணெ வாட. நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

வேலு அண்ணன் பிடுங்கி முகர்ந்தார். "இது எஞ்சின் ஆயிலு! கறுப்பா இருக்கு பாருங்க!"

"எஞ்சின் ஆயில் இப்டி ஒட்டாது லா, இது ஜெர்மன்காரனோடது!" என்றார் அஜீஸ் அண்ணன்.

துணி மூன்று மூக்குக்கும் மாறி மாறிப் போனது. நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினேன். வேறு சங்கத்துக்கு மாறுவதற்கான படிவம். தலைவர், செயலாளர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர், வேலு அண்ணனைத் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அஜீஸ் அண்ணன் துணியை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு போட்டார். என்ன தாள் என்று இருவருமே பார்க்கவில்லை. படிவத்தின் ஓரத்தில் கறுப்பாகக் கட்டைவிரல் ரேகை பதிந்தது. அதையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன், புக்கிட் மெர்தாஜாம்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே சுட்டவர்களே சுத்தம் செய்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். முதல் நாளே அமீரா என் கையில் ஒரு துணியைக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தலைவர் போன் செய்தார். என்னைக் காணவில்லையே என்று கேட்கப்போகிறார் என்று எடுத்தேன்.

"சுபா, மூணு பேருக்கும் ஒத்து வரமாட்டேங்குது. நீ பேக்டரில எண்ணெ வேலதான பாக்குற? எது போடலாம், சொல்லு."

பதினாறு வருடமாக அந்தச் சங்கத்தில் இருந்தேன். முதன்முதலாகக் கேட்கிறார்.

"அண்ணே, நான் இப்ப ஒங்க சங்கத்துலயே இல்ல. போன மாசமே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க."



"அது கெடக்கட்டும்மா" என்றார். "எந்த எண்ணெ?"