திரையில் நூற்றைம்பது

டாக்கராடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பலகை ஆலையில் காலை வேலை ஜெபத்தோடுதான் தொடங்கும். ஜெபம் முடிந்ததும் மேனேஜர் அசாமோவா ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிரிவின் ஆள் “நல்லா இருக்கு சார்” என்று சொல்ல வேண்டும். ஆமென் சொல்வதுபோல அதுவும் ஒரு வழக்கம். வேறு பதில் சொன்னவர்கள் அங்கே அதிக நாள் நிலைத்ததில்லை. ஓஃபோசுவுக்கு முன்னால் மெக்கானிக்காக இருந்த நியார்க்கோ, ஹாட் பிரஸ்ஸை நிறுத்திப் பழுது பார்க்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்திலேயே சொன்னான். அங்கேயே வைத்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் அன்றைய ஜெபம் உண்மை பேசுவதைப் பற்றியது.

அந்த பிரஸ்தான் ஆலைக்கு உயிர். பசை தடவிய மரத்தாள்களை அடுக்கி உள்ளே தள்ளினால், சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டிப் பலகையாக வெளியே வரும். எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது ஒரு வால்வு. அதற்கு எவ்வளவு மின்சாரம் போகிறதோ அந்த அளவுக்கு அழுத்தம் ஏறும். குழாயில் உட்கார்ந்திருக்கும் சென்சார், ஏறிய அழுத்தத்தைக் கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் கன்ட்ரோலர் கூட்டும், மிஞ்சினால் குறைக்கும். சென்சார் இல்லாமலும் ஓட்டலாம். அப்போது கட்டளை மட்டும் போகும், பதில் வராது. எண்ணெய் சூடாகி அழுத்தம் இறங்கினாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது. அதனால் ஓர் ஆள், குழாயில் அழுத்தம் காட்டும் முள் மீட்டரைப் பார்த்துக் கையால் கூட்டிக் குறைத்தபடியே பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை சென்சார் செத்துப்போனது. புதியது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மெக்கானிக் ஓஃபோசு தயங்கித் தயங்கி மேனேஜர் அறைக்குப் போனான். அதுவரை சென்சார் இல்லாமல் ஓட்டலாம், ஆனால் உடைந்து கிடக்கும் முள் மீட்டரை மாற்றி ஓர் ஆளை நிறுத்த வேண்டும், திரையில் சிவப்பு எச்சரிக்கை எரியும் என்றான். சரக்கு வாங்குகிறவர்கள் வந்து பார்க்கிற வாரம் அது. சிவப்பு என்றதும் அசாமோவாவின் முகம் மாறிவிட்டது.

“எனக்குத் திரையில நம்பர் வேணும் ஓஃபோசு. அது எப்படி வருதுங்கறது உன் பாடு. முடியலன்னா சொல்லு, நியார்க்கோ வீட்ல தனியாத்தான் உட்கார்ந்திருக்கான், துணைக்குப் போ.”

ஓஃபோசுவின் மனைவி அஃப்ரியேவும் அதே பிரஸ்ஸில்தான் மரத்தாள் அடுக்கினாள். ஒரு வேலை போனால் மற்றதும் போகும். அன்று மத்தியானம் அவன் சென்சாரின் கம்பியைக் கழற்றி, அந்த இடத்தில் எப்போதும் ஒரே அளவு மின்சாரத்தை அனுப்பும் சின்னப் பெட்டியை வைத்துக் கட்டினான். திரையில் நூற்றைம்பது என்று பச்சையில் நின்றது. வழக்கமான பலகைக்குக் கேட்கும் அழுத்தமும் நூற்றைம்பது, பதிலும் நூற்றைம்பது. இதுவும் சென்சார் இல்லாமல் ஓட்டுவது மாதிரிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அதுதான் இல்லை. பதில் வராத கன்ட்ரோலர் சொன்னதோடு நின்றுவிடும். பொய்ப் பதில் கிடைத்த கன்ட்ரோலர் அதை நம்பி வேலை செய்யும். இது அவனுக்குத் தெரியாததல்ல. பயத்தில் நினைத்துப் பார்க்காமல் விட்டுவிட்டான்.

மறுநாள் காலை எல்லோரையும் போல அவனும் “நல்லா இருக்கு சார்” என்றான். அந்த வாரம் முழுக்கச் சொன்னான். வாங்குகிறவர்கள் வந்து திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கென்கே என்ற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனுமாகச் சாப்பாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்தவர், இன்று தடிப் பலகை ஓடுகிறது, அழுத்தம் போதவில்லை என்று போவாடு புலம்புகிறான் என்று பேச்சுவாக்கில் சொன்னார். போவாடுதான் பிரஸ்ஸை இயக்குகிறவன். ஓஃபோசு கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டான். தடிப் பலகை என்றால் நூற்றெண்பது கேட்பான். பெட்டி நூற்றைம்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாது. போதவில்லை, போதவில்லை என்று கன்ட்ரோலர் வால்வைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய எண்ணெயைத் திருப்பிவிட வேண்டிய பாதுகாப்பு வால்வையும், கசிகிறது என்று யாரோ எப்போதோ இறுக்கித் திருகிவைத்திருந்தார்கள்.

கை கழுவக்கூட இல்லை, ஓடினான். முற்றத்தைத் தாண்டும்போதே பம்பின் கதறல் கேட்டது. உள்ளே போவாடு, நம்பர் ஏறவில்லையே என்று இன்னும் கூட்டிக்கொண்டிருந்தான். மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அடிக்க ஓஃபோசு கை நீட்டியபோதே எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்தது. கொதிக்கும் எண்ணெய் பீய்ச்சியடித்தது. அஃப்ரியே மரத்தாள் எடுக்கத் திரும்பியிருந்ததால் தப்பினாள். அவளோடு சேர்ந்து அடுக்கிக்கொண்டிருந்த செர்வாவுக்கு முகத்திலேயே பட்டது. செர்வா ஆலை வேலை போக மிச்ச நேரத்தில் சர்ச் பாடகர்களுக்கு அங்கி தைத்து விற்கும் பெண்.

ஓஃபோசுவும் அஃப்ரியேவும் காத்திருந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு அசாமோவா சாயங்காலம் வந்தார். ஹோஸ் பழசு, அதுதான் காரணம், ஓஃபோசு அப்படியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். புது ஹோஸ் மாட்டியாகிவிட்டது, அடுத்த ஷிஃப்ட் பிரஸ்ஸை ஓட்டப்போகிறது என்றும் சொன்னார். ஓஃபோசுவுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நிம்மதியை நினைத்து அடுத்த நொடியே அவனுக்குத் தன்மீது அருவருப்பு வந்தது. பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

“ஹோஸ் இல்ல சார். சென்சார் செத்து அஞ்சு நாளாச்சு. நான் ஒரு பெட்டி வச்சு மெஷினுக்குப் பொய் சொன்னேன், அது நம்பிடுச்சு. இப்ப ஓட்டினா மறுபடியும் வெடிக்கும்.”

அஃப்ரியே கணவனை நிமிர்ந்து பார்த்தாள். தானும் அந்த இடத்தில்தானே நின்றோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“இதை ஏன்டா என்கிட்ட சொல்லல?” என்றார் அசாமோவா.

“சென்சார் செத்ததைச் சொன்னேன் சார். நியார்க்கோ வீட்டுக்குப் போகச் சொன்னீங்க.”

அசாமோவா நின்ற இடத்திலேயே போனை எடுத்து பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டதற்கு, நான் சொல்கிறேன், யாரும் தொடக் கூடாது என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, இன்னும் என்னென்ன கெட்டுப்போயிருக்கிறது, எல்லாவற்றையும் சொல் என்று ஓஃபோசுவிடம் கேட்டார். அந்த ஆலையில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓஃபோசு பாதுகாப்பு வால்விலிருந்து ஆரம்பித்தான். சொல்லி முடியவில்லை, அதற்குள் நர்ஸ் வெளியே வந்தாள். செர்வாவுக்கு ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றாள்.

அஃப்ரியே எழுந்தாள். அழவில்லை.

“இப்ப கேக்கறதைத் திங்கக்கிழமை கேட்டிருந்தா அவளுக்குக் கண்ணு இருந்திருக்கும் சார். கெட்ட சேதி சொல்றவனை வெளிய தள்ளினா நல்ல சேதி வராது, பொய்தான் வரும்.” பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “நீயும் கேட்டுக்க. பயந்துக்கிட்டு பொய் சொன்னது நீ, அதைக் கேட்டு சந்தோஷப்பட்டது அவரு. வெந்தது அவ.”

சொல்லிவிட்டு செர்வா படுத்திருந்த அறைக்குள் போனாள்.