பாட்டில் போன பக்கம்

லாரிக்காரர், சப்ளையர் குச்சியின் பிடரியைப் பிடித்து மேசையில் ஒரே மோது மோதினார். பரப்பி வைத்திருந்த புகைப்படங்கள் நாலாபக்கமும் சிதறின. ஸ்டுடியோ அக்கா முதலில் ரத்தம் தெறித்த படங்களைத்தான் கைக்குட்டையால் ஒற்றியெடுத்தாள். பிறகுதான் குச்சியின் மூக்கைப் பார்த்தாள். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

மத்தியான நேரம். பார் இன்னும் திறக்கவில்லை. வாடிக்கையாளர்கள் யாரையும் நிற்கச் சொல்லாமல், சிரிக்கச் சொல்லாமல் இங்கேயே எடுத்த படங்களுக்கு முதலாளி ஒரு போட்டி வைத்திருந்தார். ஜெயிக்கிற படம் பெரிதாகிச் சுவரில் தொங்கும். அழகுக்கு மார்க் போட ஓர் ஓவியர். எடுத்த நேர்த்திக்கு மார்க் போட, தெருக்கோடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவள். கவுண்டரில் மது ஊற்றிக் கொடுப்பவன் அவளுடைய தம்பி.

போன வாரம் இங்கே நடந்த கைகலப்பில் லாரிக்காரரின் மண்டையை யாரோ பாட்டிலால் பிளந்துவிட்டார்கள். அடித்தது சப்ளையர் குச்சி, இன்னொரு அடி விழுவதற்குள் நான்தான் பாட்டிலைப் பிடுங்கினேன் என்று தம்பி சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். அவளும்தான். இன்று கட்டுப் போட்ட தலையோடு லாரிக்காரர் வந்துவிட்டார்.

"நான் அடிக்கலண்ணே, சத்தியமா அடிக்கல!"

"வாயை மூடுறா. மிச்சமிருக்கிற பல்லாவது உள்ள இருக்கட்டும்."

"மேசை புதுசுப்பா, தரையில வச்சு அடி" என்றார் முதலாளி.

ஓவியர் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்தார். "எதுக்கு இந்தச் சண்டை? சாட்சி இங்க இருக்கே."

படத்தில் தம்பியின் கை பாட்டிலைத் தோளுக்கு மேலே பிடித்திருந்தது. பாட்டிலின் லேபிளைப் படிக்கலாம், அவ்வளவு துல்லியம். அங்கிருந்து லாரிக்காரரின் தலை வரை மங்கலாக ஒரு பச்சைக் கோடு. பின்னால் குச்சி இரண்டு கைகளையும் நீட்டி, வாயைப் பிளந்து நின்றான்.

"தலையிலேர்ந்து பாட்டில் விலகி வர்ற வேகத்தைப் பாருங்க" என்றார் ஓவியர். "அடி விழுந்தாச்சு, ரத்தம் இன்னும் வரல. அதுக்குள்ள ஒரு கை வந்து காப்பாத்திடுது. அழகுக்கு முழு மார்க்!"

லாரிக்காரருக்குக் குரல் தழுதழுத்தது. "தம்பி, உன் கையை என் கண்ணுல ஒத்திக்கணும்டா."

"விடுங்கண்ணே, இதெல்லாம் ஒரு விஷயமா" என்றபடி தம்பி டம்ளரைத் துடைத்தான்.

"அழகு சரிதான் சார். ஆனா நான் பாதி மார்க்தான் போடுவேன்" என்றாள் அவள். எதையாவது பிரித்துக் காட்டத் தொடங்கிவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "கோடு தப்பான பக்கம் விழுந்திருக்கு. கேமராவுல ஷட்டர் ஒரு கதவு மாதிரி. அது திறந்த உடனே ஃபிளாஷ் அடிக்குது. அப்ப கை எங்க இருக்கோ அங்கயே உறைஞ்சு நிக்கும். ஃபிளாஷ் அணைஞ்சிடுது, ஆனா கதவு இன்னும் மூடல. இந்த மங்கல் வெளிச்சம் உள்ள வந்துகிட்டே இருக்கு. அதுக்கப்புறம் கை போற வழியெல்லாம் தீத்திவிட்ட மாதிரி பதியும். அதனால கோடுங்கிறது கை வந்த வழி இல்ல சார், போன வழி. கதவு மூடறப்ப ஃபிளாஷ் அடிக்கிற மாதிரி வச்சிருந்தா கோடு வாலாட்டம் பின்னால நின்னிருக்கும். இதுல எல்லாம் தலைகீழாத் தெரியுது. விலகுதுன்னு நாம நினைக்கிறோம், நிஜத்துல பாட்டில்..."

டம்ளர் துடைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நிஜத்துல பாட்டில்?" என்றார் லாரிக்காரர்.

"அக்கா," என்றான் தம்பி, மெதுவாக. "ஃபிளாஷ் கடைசியில அடிச்சிருந்தா கோடு வந்த வழியாயிடும்ல? கேமராவை எப்படி வச்சிருந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் படத்தைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு டம்ளர் கவிழ்ந்து மது சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் மணி மாதிரி துல்லியம். ஒவ்வொன்றுக்கும் கீழே மெல்லிய இழை. சொட்டு மேலே போகாது. இழை கீழே இருந்தால் அது போன வழி. ஃபிளாஷ் முதலிலேயே அடித்திருக்கிறது. அவளைத் தவிர வேறு யார் கண்ணிலும் இது படாது.

"தெரியல" என்றாள்.

"அப்ப ஓவியர் சொன்னதுதான்." லாரிக்காரர் கவுண்டரிலிருந்து ஐஸ் உடைக்கும் சுத்தியை எடுத்தார். குச்சியின் வலது கையை மேசையோடு அழுத்தினார். "இந்தக் கைதானே?"

சுத்தி இறங்கியது. சுண்டுவிரல் நசுங்கிய சத்தத்தை விட, அதற்குப் பிறகு குச்சியிடமிருந்து ஒரு சத்தமும் வராததுதான் அவளை உலுக்கியது. சுத்தி மறுபடி உயர்ந்தது.

"இருங்க!" படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தச் சொட்டைப் பாருங்க. விழறது கீழதான் விழும், கோடும் கீழதான் இருக்கு. அப்ப ஃபிளாஷ் முதல்லயே அடிச்சாச்சு. ரத்தம் ஏன் இல்ல? அடி இன்னும் விழல. பாட்டில் உங்க தலைக்குத்தான் வருது. குச்சி அதைத் தடுக்கப் பாக்கறான்."

தம்பி கவுண்டரைத் தாண்டிக் குதித்தான். கையில் பாட்டில். லாரிக்காரருக்குத்தான் என்று நினைத்தாள், வந்தது அவளுக்கு. தடுக்க உயர்த்திய முழங்கையில் எலும்பு மளுக்கென்றது.

"கூடப் பொறந்தவளாடி நீ? அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என் சட்டையைப் பிடிச்சான்டி அந்த லாரிக்காரன்!"

அதற்குள் லாரிக்காரர் அவனைத் தரையில் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றிவிட்டார். சுத்தி அவன் பின்மண்டைக்கு மேலே எழுந்தது. அவள் ஒடிந்த கையோடு தம்பியின் தலைமேல் விழுந்து மறைத்தாள்.

"போலீஸ்ல சொல்றதுக்குத்தான் சொன்னேன். நீங்க அடிக்கிறதுக்கு இல்ல."

"தள்ளும்மா."

"மாட்டேன்."

சுத்தி இறங்கவுமில்லை, கீழே விழவுமில்லை. முதலாளி ஒருவழியாகப் போனை எடுத்து யாருக்கோ விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கீழே தம்பி திமிறினான், அவள் மணிக்கட்டைக் கடித்தான்.

"அசையாதடா" என்றாள் அவன் காதில். "அசைஞ்சா அடிச்சிடுவாரு."