கான் வெட்டாத மலை

நுவரெலியா ஹோட்டலில் கணினி இயற்பியலுக்கு ஒரு சர்வதேச மாநாடு. பதினெட்டு நாட்டு விஞ்ஞானிகள். குளிருக்குப் பாதிப்பேர் தேநீர்க் கோப்பையை விட்டுக் கையெடுக்கவில்லை. மேடையில் நிற்பவள் கொழுந்து பறித்தவள் மகள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மலைச்சரிவு எவ்வளவு மழை தாங்கும் என்பதுதான் கிருஷாந்தியின் கணக்கு. உதாரணத்துக்கு எடுத்தது பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் தன் குடும்பம் இருக்கும் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலிருக்கும் சரிவு. முந்நூறு மில்லிமீட்டர் தாங்கும் என்றது கணினி. அதை நம்பி முந்தாநாள் வீட்டுக்குச் சொல்லியும் விட்டாள். மழைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்த பன்னிரண்டு குடும்பமும் அவள் பேச்சைக் கேட்டு லயத்துக்குத் திரும்பிவிட்டன.

பேசி முடித்ததும் ஒரு ஜப்பானிய அம்மாள் எழுந்தார். தண்ணீர் வடியும் வேகத்தை எப்போது அளந்தீர்கள் என்று கேட்டார். மழைத்தண்ணீர் வடிந்தோடச் சரிவில் கான் வெட்டியிருக்கிறது, வருடாவருடம் மண் அள்ளுவார்கள் என்றாள் கிருஷாந்தி. அளந்தீர்களா என்று மறுபடி கேட்டார் அவர். அளக்கவில்லை. அப்பா பொன்னையா கான் வெட்டியதைச் சின்ன வயதில் பார்த்ததுதான். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டம் தெரியாதா என்ற திமிர்.

வராந்தாவுக்கு ஓடி அப்பாவை அழைத்தாள்.

"கானா? அந்த வேலைய நிறுத்தி ஆறு வருசமாச்சேம்மா. எல்லாம் மண்ணு மூடி, புல்லு மண்டிக் கெடக்கு."

போனைக் காதில் வைத்தபடியே மடிக்கணினியில் கானை அழித்துவிட்டுக் கணக்கை ஓட்டினாள். நூற்று நாற்பது என்று வந்தது. நேற்றிலிருந்து பெய்ததே நூற்றறுபது.

தன் கணக்கு தப்பு, எல்லாரையும் உடனே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போங்கள் என்றாள். அப்பா சிரித்தார். பெரிய பெரிய ஆளுங்க கைதட்டுற கணக்கு எப்படித் தப்பாகும் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம். இப்போது மாற்றிச் சொன்னால் எவரும் எழும்பமாட்டார்கள் என்றார். அவள் அழுத பிறகுதான் குரல் மாறியது.

"சரி, அழாத. போய்ச் சொல்றேன். இரு, இந்தக் கதவு வேற. காலையிலேருந்து இறுகிப் போயி தொறக்க மாட்டேங்குது. மழையில பலகை ஊதிருச்சு போல. பக்கத்து வீட்லயும் இதே கதைதான்."

பலகை ஊதவில்லை. மலை நகரத் தொடங்கினால் முதலில் கதவின் நிலைச்சட்டம்தான் கோணும், கதவுதான் இறுகும். அரைமணி நேரத்துக்கு முன் மேடையில் படம் போட்டு அவளே விளக்கியிருந்தாள்.

"அப்பா, கதவ விடுங்க," என்றாள். "ஜன்னல ஒடச்சிட்டு வெளிய வாங்க."

மறுமுனையில் அவர் இன்னும் கதவைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்.