விற்பனைக்கு முந்தைய வண்டி

அக்கா கார் மாற்றிவிட்டாள் என்ற செய்தி ஹால்வாருக்குத் தொழிற்சாலைக் கேன்டீனில்தான் கிடைத்தது.

"உங்க அக்கா சிக்பிரிட் கெட்டிக்காரிப்பா," என்றான் பெயின்ட் பிரிவு ரூனே. "சீனாக்காரன் காலத்து வண்டியைத் தள்ளிவிட்டுட்டு நம்ம காலத்துப் பழசை வாங்கிட்டா. அசல் நூர்டெல். நீ தட்டிப் பார்த்து அனுப்புன வண்டியாக்கூட இருக்கும்."

மேசை முழுக்கச் சிரித்தது. ஹால்வார் கரண்டியைக் கீழே வைத்தான்.

ஸ்வீடனின் நூர்டெல் கார் கம்பெனி சீன முதலாளி கைக்குப் போய் நான்கு வருடம். இந்த இலையுதிர்காலத்தில் மட்டும் மூன்று விபத்துகள். ஓடும்போதே ஸ்டியரிங் மூட்டு முறிந்து, வண்டி தன் இஷ்டத்துக்குப் போய் மரத்தில் மோதியது. ஒருவர் இறந்தார். மூன்றுமே கம்பெனி விற்பனைக்குப் பின் செய்த வண்டிகள். கம்பெனி அவற்றையெல்லாம் திரும்ப அழைத்து மூட்டை மாற்றிக்கொண்டிருந்தது. ஊர் அதைவிடச் சுலபமான வழி கண்டுபிடித்தது. பழசை வாங்கு. ஸ்வீடன்காரன் செய்ததை வாங்கு.

அந்த மேசையில் ஹால்வாருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

மூட்டுகளை நாற்பது நிமிடம் உலையில் சுட்டு உறுதியாக்குவது வழக்கம். கம்பெனி கைமாறுவதற்கு முந்தைய குளிர்காலத்தில், வாங்க வருகிறவன் கண்ணுக்கு உற்பத்தி எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பழைய நிர்வாகம் அதை இருபத்தைந்தாகக் குறைத்தது. மாதிரிகளில் மயிரிழை விரிசல். சோதனை செய்தவன் ஹால்வார். கேட்டதற்கு, "முதல்ல விற்பனை முடியட்டும்," என்றார்கள். மூட்டு சரி என்று கையெழுத்துப் போட்டான். சீனர்கள் செய்ததெல்லாம், கொடுத்த முறையை அப்படியே தொடர்ந்ததுதான்.

பழைய வண்டியும் ஒன்று போன பிப்ரவரியில் பள்ளத்தில் உருண்டது. பனி வழுக்கிவிட்டது என்றார்கள். நம் வண்டியாயிற்றே, யாரும் குனிந்து அடியில் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனான். வீட்டோடு முடங்கிய முதியவர்களுக்கு மருந்து கொடுக்கும் நர்ஸ் அவள். ஏரிக்கரைச் சாலையில் தினம் எண்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவள். வாசலில் நீல வண்டி. வண்டிக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தயாரிப்புத் தேதித் தகட்டைப் படித்தான். அதே குளிர்காலம். ஜனவரி.

அக்காவைக் கூப்பிடவில்லை; போட்ட கையெழுத்தை அவள் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லை. மறுநாள் காலை, சீனத் தலைமையகத்திலிருந்து விசாரணைக்கு வந்திருந்த பொறியாளர் ஷென் யூலானின் அறைக் கதவைத் தட்டினான்.

அவள் முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினாள்.

"பழைய வண்டியும் கெட்டதுன்னு நாங்க சொன்னா, பழியை உங்க ஊர்க்காரங்க மேல தள்றோம்பாங்க. நீங்க எழுதிக் கொடுப்பீங்களா? உங்க பேர் வெளிய வரும்."

"கொடுக்கிறேன்."

"உங்க வேலையும் போகலாம்."

"பேனா இருக்கா?"

பத்து நாளில் பழைய வண்டிக்காரர்களுக்கும் வண்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் போனது. உள்ளூர்ப் பத்திரிகை அவன் பெயரைப் போட்டது. கேன்டீனில் அவன் மேசையில் யாரும் உட்காரவில்லை. ரூனே மட்டும் கடந்து போகையில், "சீனப் பாஷை எப்படிப் போகுது, வாத்தியாரே?" என்றான்.

சிக்பிரிட் வண்டியைக் கொண்டுவரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அந்த வாரம் முதல் பனி விழுந்தது. விடிந்ததும் ஹால்வார் அவள் வாசலில் போய் நின்றான். மருந்துப் பையோடு வெளியே வந்தவள் அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள்.

"அக்கா, என் வண்டியை எடுத்துட்டுப் போ. இதை மட்டும் தொடாத."

"வழியை விடு. ஆறு பேர் மருந்துக்குக் காத்திருக்காங்க."

"கடிதம் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. மேல சீனாக்காரன் பேர் இருந்துச்சு. அடுப்புல போட்டேன்."

"அது நான் சொன்னது. அவங்க சொன்னதில்ல."

"எவ்வளவு கொடுத்தாங்கடா?"

அவள் முன் கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"இந்த மூட்டைச் சோதிச்சது நீ. நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீ. அப்போ சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?"

"அப்போ சொன்னதுதான்."

"அப்படின்னா பொய் சொல்றவன்தானே நீ. உன்னை எதுக்கு நம்பணும்?"

வண்டி கிளம்பியது. ஹால்வார் தன் காருக்கு ஓடினான்.

முதல் வீட்டு வாசலில் அவள் இறங்கினாள். அவனும் பின்னாலேயே நிறுத்திக் காத்திருந்தான். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வீட்டுக்கு ஏரிக்கரை வளைவுகளைத் தாண்ட வேண்டும். அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், இருபதடி தள்ளிப் பின்தொடர்ந்தான். கண்கள் அவளுடைய முன் சக்கரங்களை விட்டு அகலவில்லை.

அது அவளுக்கு எரிச்சல் மூட்டியிருக்க வேண்டும்.

நீல வண்டி வேகம் எடுத்தது.