கொடுவா வரும் கண்மாய்

சுக்கில வருஷம் ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சமயநல்லூருக்கு மேற்கே நெடுங்கண்மாயில் கடல் வந்து தங்கியது. முந்தின நாள் வரை அங்கே இடுப்பளவு மழைத்தண்ணீர்தான் கிடந்தது. விடிந்ததும் மாடு குளிப்பாட்டப் போனவர்கள், மாடு வாய் வைத்துவிட்டுத் தலையை உதறுவதைப் பார்த்துத் தாங்களும் ஒரு வாய் குடித்துத் துப்பினார்கள். எதிர்க்கரை தெரியவில்லை. அலை வந்து கரையோரத்துக் கருவேல மரங்களை நனைத்துவிட்டுப் போனது. கார்த்திகைத் தீபத்தன்று கடல் போய், பழையபடி நல்ல தண்ணீர் நின்றது. அடுத்த ஐப்பசியிலும் வந்தது. மூன்றாம் வருஷம் வந்தபோது யாரும் வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கப் போகவில்லை. உப்புத்தண்ணீர் வயலுக்குப் பாய்ந்துவிடாமல் மடைப்பலகையைக் களிமண் வைத்து இறுக்கினார்கள். அந்த மாதம் பயிரை மழை பார்த்துக்கொண்டது.

இருளாயி மகன் மலையாண்டி உழவு மாட்டை விற்று, தொண்டியிலிருந்து பழைய படகு ஒன்றை வாங்கி இரவல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். "மாப்ள, இதுக்குப் பருத்திக்கொட்டை வைப்பியா, புண்ணாக்கு வைப்பியா?" என்று ஊரே கேட்டது. ஆனால் அந்தக் கடலில் தொடைத்தண்டிக் கொடுவா மீன்கள் இருந்தன. தல்லாகுளத்திலிருந்து வக்கீல்மார்களும் பசுமலையிலிருந்து பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் தூண்டிலோடு ஜட்கா ஏறி வந்து, படகை வாடகைக்குப் பிடித்தார்கள். மைக்கேல்ராஜ் வாத்தியார் ஒரு வருஷமும் தவறியதில்லை. ஒரு வருஷமும் வாந்தி எடுக்காமல் திரும்பியதுமில்லை. "இந்தக் கடல் எங்கப்பா போய் முடியுது?" என்று ஒருமுறை அவர் கேட்டார். "தெரியலங்க சார். நம்ம ஊரு எல்லை வரைக்கும்தான் நான் போறது. அதுக்கு அங்கிட்டு அடுத்த ஊர்க்காரன் சண்டைக்கு வருவான்" என்றான் மலையாண்டி.

ஒரு மாதப் பிழைப்பு பன்னிரண்டு மாதத்துக்குக் காணவில்லை. அன்னக்கொடியைக் கல்யாணம் செய்த மறுவருஷம், மலையாண்டி ரங்கூன் அரிசி மில்லுக்குக் கப்பலேறினான். பிறகு சண்டை வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது. காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் அவன் ஊர் திரும்பக் கப்பலேறியதைப் பார்த்தேன் என்றார். அந்தக் கப்பல் கரை சேரவில்லை என்றார் இன்னொருவர். அன்னக்கொடியின் அண்ணன்மார் வந்து, உறவைத் தீர்த்துவிட்டுத் தங்கச்சியை வேறு இடத்தில் கொடுக்கிறோம் என்றார்கள். சேதி தெரியாமல் மருமகளை அனுப்ப இருளாயி சம்மதிக்கவில்லை. "நல்லதோ கெட்டதோ, ஒன்னு தெரியட்டும்ணே. பெறகு வாரேன்" என்றாள் அன்னக்கொடி. பூ வைக்காமலும் தாலியைக் கழற்றாமலும் அவள் நாட்கள் போயின.

சித்திரபானு வருஷம் ஐப்பசியில் கடல் வந்தபோது படகை மாமியாரும் மருமகளும் தள்ளினார்கள். மருமகள் துடுப்புப் போட்டாள். பிடிபடும் ஒவ்வொரு கொடுவாவின் வயிற்றையும் படகிலேயே கீறிப் பார்க்க இருளாயியை விடவேண்டும். அந்தக் கண்டிஷனுக்குச் சம்மதித்தவர்களுக்குத்தான் படகு. "என்னத்தா தேடுறீங்க?" என்று கேட்டார் மைக்கேல்ராஜ். "எம்மகன் காதுல கடுக்கன் கெடந்துச்சு சார்." வாத்தியார் தூண்டிலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். அன்று அவருக்கு வாந்தி வரவில்லை.

அந்த ஊரில் எது தண்ணீரில் விழுந்தாலும் யாரும் பதறுவதில்லை. கோடையில் மடையைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்து, ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அதற்குக் கண்மாய் அழிப்பது என்று பெயர். விழுந்த செம்பும் சலங்கையும் அன்றைக்குச் சேற்றில் கிடைத்துவிடும். அதனால்தான் இருளாயி ஊர்ப்பெரியவர் மொக்கைச்சாமி முன்னால் போய் நின்றாள்.

"கண்மாய அழிச்சு விடுங்கய்யா. எம்புள்ள அடியில கெடக்கான்."

"ஆத்தா, அது கடலுத்தா."

"நம்ம கண்மாயில நிக்கிற தண்ணிதானய்யா?"

மடைக்குக் கீழே பயிர் முழங்கால் உயரம் நின்றது. ஒவ்வொருவரும் தன் வயலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஒரு வருச வெள்ளாமதானப்பா. பெத்தவ பாத்துக்கிறட்டும்" என்றார் மொக்கைச்சாமி. மடைப்பலகையை அவரே தூக்கினார்.

பெண்கள் கூடையோடு மடைவாயில் நின்றார்கள். கொடுவா வந்தது, நண்டு வந்தது, உடைந்த பாய்மரம் வந்தது. பயிர் சிவந்தது, பிறகு வெளுத்தது. கடல் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. கார்த்திகைத் தீபத்தன்று, வழக்கமாகக் கடல் கிளம்புகிற நேரத்தில், ஒரு தகரப்பெட்டி மிதந்து வந்தது. மூடியில் ரோசாப்பூ வரைந்திருந்தது. சுற்றியிருந்த கயிற்றின் முடிச்சைப் பார்த்ததும் அன்னக்கொடிக்குத் தெரிந்துவிட்டது. அது அவன் ரங்கூனுக்குக் கிளம்பும்போது அவள் போட்டுக் காட்டிய முடிச்சு. உள்ளே கொஞ்சமும் நனையாத பட்டுச்சேலை ஒன்றும், துணியில் பொதிந்த கடுக்கன் இரண்டும் இருந்தன. கடுக்கனை அவனே கழற்றி வைத்தானா, வேறு யாரும் கழற்றினார்களா என்று பெட்டி சொல்லவில்லை.

"பெட்டி முன்னால வந்திருச்சு. ஆளு பின்னால வாரான். மடைய அடைச்சிராதீங்கய்யா" என்றாள் இருளாயி. அடைக்க யாருக்கும் கை வரவில்லை. அடுத்த மாதம் வந்த அண்ணன்மாரிடம் அன்னக்கொடி, "ஒன்னும் தெரியலண்ணே. நீங்க போங்க" என்றாள்.

அதற்குப் பிறகு கடல் போகவே இல்லை. வயல்களிலெல்லாம் அலையடித்தது. பாதி ஊர் மதுரைக்கு மில் வேலைக்குப் போனது. மிச்சம் இருந்தவர்கள் குழம்புக்கு உப்புப் போடுவதை விட்டார்கள். கிணற்றுத் தண்ணீரே போதுமானதாக இருந்தது. தாரண வருஷம் இருளாயி இறந்தபோது எரிக்கக் காய்ந்த இடம் கிடைக்காமல் ரோட்டு மேட்டில் வைத்து எரித்தார்கள். மகன் இல்லாததால் மொக்கைச்சாமி கொள்ளி வைத்தார்.

ஐப்பசியில் இப்போதும் ஜட்காக்கள் வருகின்றன. கடல் இப்போது தொட்டு நிற்கும் மொக்கைச்சாமியின் மாட்டுக்கொட்டத்து வாசலிலேயே படகில் ஏறினால் அன்னக்கொடி படகைத் தள்ளுவாள். அதற்கு முன் மடைவாய்க்குப் போய், அங்கே அடைத்துக்கொண்டிருக்கும் பாசியையும் கடல்தாழையையும் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு விலக்கிவிட்டு வருவாள். வாடகைக்கு வந்தவர்கள் அதுவரை கரையில் உட்கார்ந்து தூண்டிலுக்கு இரை கோத்துக்கொண்டிருப்பார்கள்.