வாசல் விடாத மனிதர்

பதினோரு வருடங்களுக்கு முன், மே மாதத்து மூன்றாம் ஞாயிறன்று, ஆராதனை முடிந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆலயத்தின் முன்வாசல் வழியாக வெளியே போனார்கள். அடுத்ததாக வந்தவர் அதே வாசலில் கால் வைத்து, பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கி அறைக் கதவு வழியாகத் திரும்ப உள்ளே வந்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவர் சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அயலார் குடியிருப்புத் துறையில் துணை அதிகாரி. யார் நாட்டில் இருக்கலாம், யார் முப்பது நாளில் கிளம்ப வேண்டும் என்று மேலே முடிவாகி வரும் காகிதங்களில் கடைசிக் கையெழுத்து அவருடையது. அதனால் ஊருக்குள் கையெழுத்துக்காரர் என்றே பெயர். சபையில் அவர்தான் செயலாளர். பாடகர் குழுவில் கீழ்க்குரல். அவரைக் கெட்ட மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. காலையில் ஜெபம் பண்ணாமல் ஒரு வாய் காபி குடிக்க மாட்டார், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார்.

முதல் தடவை ஏதோ யோசனையில் திரும்பிவிட்டோம் என்றுதான் அவரே நினைத்தார். ஏழாவது தடவை உட்கார்ந்துவிட்டார். பக்கவாசல், மணிக்கூண்டுப் படி, ஜன்னல் எல்லாம் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். தெருவில் நான்கு பேரும் வெறும் நாற்காலியோடு நின்றார்கள். அவர் அங்கி அறையில் தொப்பென்று தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

அந்த ஆலயத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் தங்கியிருந்தார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினான்கு வருடம் விரிப்புத் துவைத்தவள். இன்னொருவர் அவளுடைய அம்மா. வெளியேறும் உத்தரவு வந்ததும் இருவரும் போதகரிடம் வந்து நின்றார்கள். ஆலயத்துக்குள் போலீஸ் நுழைவதில்லை என்பது பழைய வழக்கம். எழுதி வைத்த சட்டம் அல்ல. சபைக் கமிட்டியில் இவர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு மணி நேரம் பேசியவர் கையெழுத்துக்காரர். ஒரு ஓட்டில் தோற்றார். மேல்மாடி அறையில் இரண்டு கட்டில் போடப்பட்டது. கேட்டுக்கு எதிரில் துறையின் வேன் ஒன்று நிரந்தரமாக நின்றது. ஆக, வாசலைத் தாண்ட முடிந்தவள் தாண்டப் பயந்தாள். தாண்டத் துடித்தவருக்கு வாசல் விடவில்லை. இரண்டு பேரும் ஒரே குழாயில் பல் துலக்கினார்கள்.

கையெழுத்துக்காரரின் மனைவி முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் துவைத்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடலாமே என்று கேட்டாள். அவர் எழுந்து, அவள் கண்முன்னே முன்வாசலில் நடந்து, பின்னால் வந்து அவள் தோளைத் தொட்டார். அப்புறம் அவள் கேட்கவில்லை.

துறை பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டது. தினமும் பத்து மணிக்குக் கடைநிலை ஊழியர் கோப்புகளைக் கொண்டுவருவார். அங்கி அறை மேஜையில் கையெழுத்தாகும். நான்கு மணிக்குக் கட்டுத் திரும்பிப் போகும். ஆலயத்துக்குள் இருந்தபடியே அந்த மாதம் நூற்றெண்பது குடும்பங்களை அவர் நாட்டைவிட்டு அனுப்பினார். சபை இரண்டாகப் பிளந்தது. பேராயர் இரண்டு பக்கச் சுற்றறிக்கை அனுப்பினார். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றிய வேதாகம அதிகாரம் எது என்று அதில் எண்ணோடு இருந்தது. அந்நியனைச் சேர்த்துக்கொள்வதைப் பற்றிய இடங்களை எண்ணோடு எழுதி, போதகர் பதில் அனுப்பினார். அதற்குப் பதில் வரவில்லை.

ஆகஸ்டில், அயலாரை வெளியேற்றும் சட்டத்தைக் கொண்டுவந்த மந்திரியே ஆராதனைக்கு வந்தார். கேமராக்கள் வந்தன. முதல் வரிசையில் முழங்காலிட்டார், கண்ணைத் துடைத்தார், தேசத்துக்காக ஜெபித்தார். கையெழுத்துக்காரர் பெருமூச்சோடு அங்கி அறைக் கதவருகே போய், மந்திரி வரப்போவதை எதிர்பார்த்துக் காத்திருந்தார். மந்திரி முன்வாசல் வழியாகச் சும்மா வெளியே போய், காரில் ஏறி, போய்விட்டார்.

அன்றுதான் கையெழுத்துக்காரர் முதன்முறையாகப் போதகரிடம் குரல் உயர்த்தினார்.

“சட்டம் போட்டவர் போறாரு. பேனா பிடிச்ச நான் மட்டும் ஏன் இங்க கெடக்கணும்?”

“எனக்குத் தெரியலைங்க,” என்றார் போதகர். “தெரிஞ்ச மாதிரி பேசுறதெல்லாம் ஞாயித்துக்கெழமையோட சரி.”

செப்டம்பரில் ஒரு மதியம் சலவைக்கூடத்துப் பெண், நான்கு பக்கமும் ஆலயச் சுவர் சூழ்ந்த உள்முற்றத்தில், பீடத்து விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கையெழுத்துக்காரர் போய் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு இருநூறு காகிதம் வருகிறது, பெயரைப் படிக்க நேரமில்லை என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லி வந்தது. அது பொய். அவள் பெயரைப் படித்தார். தனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து பாடுகிறவள் என்று தெரிந்தது. கோப்பை எடுத்துக் கட்டின் அடியில் வைத்தார். மறுநாளும் அப்படியே. மூன்று வாரம் கழித்து மேலிருந்து ஞாபகக் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போட்டார். இதை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

“தெரியும்,” என்றாள் அவள். “மத்தவங்களுக்கு ஒரு வாரத்துல வந்த காகிதம் எனக்கு நாலு வாரம் கழிச்சு வந்துச்சு. அதுக்குள்ளதான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சுது. இல்லாட்டி அவங்க இப்ப சுவத்தத் தடவிட்டு நடக்கணும்.”

அவர் விரிப்பை விட்டுவிட்டார். ஒரு முனை மண்ணில் விழுந்தது. சொல்லாமல் வைத்திருந்த மீதியும் அதோடு வெளியே வந்தது: மேலிருந்து வரும் உத்தரவு பதினைந்து நாளுக்குள் கையெழுத்தாகாவிட்டால் செல்லாது. விதி நாற்பத்தொன்று. அவளுடைய காகிதம் முதல் நாளிலிருந்தே செல்லாத காகிதம். ஆனால் தாமதித்தவர் தாமதித்தேன் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால்தான் நீதிமன்றம் ஏற்கும். எழுதினால் வேலை போகும், ஓய்வூதியம் போகும்.

“எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?”

“நான் இங்க மாட்டுறதுக்கு முன்னாடியே.”

அவள் விழுந்த முனையை எடுத்துத் திரும்பக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவள் அம்மாதான் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து, புதுக் கண்ணால் அவரை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அவர் எழுதினார். நான்கு பக்கம். அன்றைய கோப்புக் கட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினார். வாரக் கடைசியில் அவரைப் பணியிடை நீக்கம் செய்த கடிதம் வந்தது. எடுத்து வந்த ஊழியர் சங்கடத்தோடு ஒரு கையெழுத்துக் கேட்டார். மனைவி அந்த நான்கு பக்கத்தையும் படித்துப் பார்த்துவிட்டு, அப்போது மூன்று வாரம் ராத்திரி தூங்காமல் புரண்டது இதற்குத்தானா என்று மட்டும் கேட்டாள்.

மார்ச்சில் தீர்ப்பு வந்தது. வேன் போய்விட்டது. சபையார் வாசலில் கூடி நின்று பாட, சலவைக்கூடத்துப் பெண்ணும் அம்மாவும் ஆளுக்கொரு பையோடு வெளியே நடந்தார்கள். கையெழுத்துக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். தனக்கும் இன்றோடு முடிந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை, போதகருக்கும் இல்லை. மூன்றடி விட்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தார். வெயில் முகத்தில் பட்டது என்று பிற்பாடு சொன்னார். பிறகு அங்கி அறையின் நாப்தலீன் வாசம் வந்தது.

அன்று சாயங்காலம்வரை அவர் கதவைத் திறந்து திறந்து நடந்தார். வெளியே பாட்டு ஓய்ந்து, ஆட்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த மாதமே காகிதத்தோடு ஒரு தச்சர் குடும்பம் வந்தது. அப்புறம் ஒரு பேருந்து ஓட்டுநர், அப்புறம் அக்கா தங்கை இரண்டு பேர். அந்தத் துறையின் விதி ஒவ்வொன்றும் மனப்பாடமாகத் தெரிந்த ஆள் ஊரில் அவர் ஒருவர்தான், எந்நேரமும் இருப்பவரும் அவர்தான். அங்கி அறை மேஜையில் அவர் மனு எழுதினார். பாதி ஜெயித்தது. மீதிப் பேர் வாசலைத் தாண்டியதும், திரும்ப வந்து நின்ற வேன் அவர்களைக் கொண்டுபோனது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார். அவருடைய இடத்துக்கு வந்தவர் எல்லாக் காகிதத்திலும் அன்றன்றே கையெழுத்துப் போட்டார். விதி நாற்பத்தொன்று பிறகு யாருக்கும் உதவவில்லை. அந்தப் புது அதிகாரி இன்னொரு சபையில் பாடகர். அங்கே வாசல்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன.

மூன்றாம் வருடம் மனைவி வீட்டைக் காலிசெய்துவிட்டு மேல்மாடிக்கு வந்தாள். வருடத்துக்கொரு தடவை, பெரும்பாலும் மழை நாளில், அவர் முன்வாசலில் நடந்து பார்ப்பதுண்டு. ஈரமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். அவள் தலை நிமிர மாட்டாள்.

போன மாதம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், கையில் பட்டியல். பெயர், வயது, எத்தனை வருடமாக இங்கே என்று வரிசையாகக் கேட்டாள். பதினொன்று என்றார்.

“இடம் மாறி வந்ததுக்குக் காரணம்? வேலை, கல்யாணம், படிப்பு, மத்தவை. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

அவர் மேஜையில் கிடந்த பாதி எழுதிய மனுவைப் பார்த்தார். “வேலை,” என்றார்.

அவள் கட்டத்தில் குறி போட்டுவிட்டு, முன்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போனாள்.