நின்னுபோன கை

செஞ்சிக்கோட்டை மலையடியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை விதைப்பு என்றால் ஏருக்குப் பின்னால் சாலில் விதை போடுவது நாகம்மாள்தான். இருபது வருஷத்துக் கை. ஒரு விதை தள்ளி விழாது, ஒரு இடம் பொக்கையாகப் போகாது.

அந்தக் கைக்கு மூன்று வருஷமாகக் கேடுகாலம். மாதத்துக்கு மூன்று நாள் வந்த தீட்டு, இருபது நாளாகியும் நிற்காமல் போனது. தூரமான பொம்பளை விதையைத் தொட்டால் விளைச்சல் கெடும் என்பது அந்த நிலத்துச் சட்டம். மேஸ்திரி அரிகிருஷ்ணன் அவளை எருக்கூடை தூக்க அனுப்பினான். ரத்தம் போகிற உடம்போடு தூக்கினாள். இரண்டு தரம் மயங்கி விழுந்தாள். வேலைக்கள்ளி என்று பெயர் வைத்தார்கள், புண்ணியவான்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு ஆடியில் எல்லாம் நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் உடம்பு அடங்கவில்லை. நினைத்தாற்போல் நெஞ்சில் தீப்பிடித்து முகத்துக்கு ஏறும், ரவிக்கை நனைந்துபோகும். அப்படியும் சந்தோஷப்பட்டாள்.

"இனிமே எனக்குத் தடையே இல்ல மங்கை. சாவுற வரைக்கும் சால் என்னுதுதான்" என்று பக்கத்துக் குடிசை மங்கையிடம் சொன்னாள். சேரியில் சொன்ன பேச்சு மேஸ்திரி காதுக்கு எட்ட எத்தனை நேரமாகும்?

விதைப்பன்று நிலத்துக்கார அம்மா லீலாவதி வழக்கம்போல முதல் பிடியைத் தன் கையால் போட்டாள். பிறகு எட்ட நின்று, முறத்திலிருந்த விதையை நாகம்மாளின் மடியில் கொட்டினாள். அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டான்.

"இன்னா நாகம்மா, உனக்கு நின்னு போச்சாமே? நின்னுபோன கை போட்டா மொளைக்குமா? மடியக் கொட்டிட்டு எருக்கூடைக்குப் போ."

நாகம்மாளுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது.

"வந்தா தீட்டு, நின்னா மலடா? ஏழு பெத்தவ நானு. அப்ப எந்த நாள்லதான் என் கை நல்ல கை? எருக்கூடைக்கு மட்டும் எந்நாளும் ஆவுதா?"

"வழக்கத்த எதுத்துப் பேசாத."

"பேசுவேன். மொதப் பிடி போட்டாங்களே அம்மா, அவங்களுக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆவுது. அத மொதல்ல தோண்டி எடு!"

போன மார்கழிக் குளிரில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வியர்த்தபோது, லீலாவதியே தன் வாயால் சொன்ன சங்கதி அது. அவளுக்குத் திண்டிவனத்திலிருந்து டாக்டர் மருந்து வந்தது. நாகம்மாளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள்.

எல்லோரும் லீலாவதியைப் பார்த்தார்கள். அவள் நெற்றியிலும் வியர்வை வழிந்தது.

"யார் சொன்னது? எனக்கு இன்னும் நிக்கல" என்றாள், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

மேஸ்திரி சொன்னதைவிட அந்தப் பொய்தான் நாகம்மாளை அதிகமாகச் சுட்டது.

"கேட்டுக்கினியா? மங்கை, அவ மடியில இருக்கிறத நீ வாங்கிக்க" என்றான் மேஸ்திரி.

மங்கைக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"அவள ஏன் ஏவுற? நீயே வா" என்றாள் நாகம்மாள். "என் மடியிலதான் இருக்குது. வந்து எடுத்துக்க."

சேரிக்காரி நிழல் பட்டாலே குளிக்கிறவன் அரிகிருஷ்ணன். ஓரடி வைத்தான், நின்றான். அவனுடைய வழக்கமே அவன் கையைக் கட்டிப்போட்டது.

நாகம்மாள் ஏர்க்கார கோவிந்தசாமியிடம் "ஓட்டு" என்றாள். மாடு நகர்ந்தது. அவள் சாலில் இறங்கி, விதைக்கு ஒரு வசவாகப் போட்டுக்கொண்டே போனாள்.